பாசிலோசாரஸுக்கு ஏன் ரம்பப் பல்? ஆதித் திமிங்கிலங்களின் பல்லும் இரையும்

ஆற்காட்டிலிருந்து பல் மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "திமிங்கிலத்தின் மூதாதைகள் தரையை விட்டுக் கடலுக்குப் போய் மீன் தின்ன ஆரம்பித்ததும் அவற்றின் பற்கள் எளிய கூம்புகளாக மாறிவிட்டன என்று படித்தேன். ஆனால் பாசிலோசாரஸ் என்ற ஆதித் திமிங்கிலத்தின் படத்தைப் பார்த்தால் கடைவாய்ப் பல் ரம்பம் மாதிரி இருக்கிறது. கடலுக்குப் போய் அவ்வளவு காலம் ஆன விலங்குக்கு ஏன் அப்படிப் பல்?"

நல்ல கேள்வி. வேலூரில் பல வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன். பாடப்புத்தக வரியை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் படித்தது வெவ்வேறு காலத்தில் நடந்த மூன்று மாற்றங்களை ஒரே வாக்கியத்தில் அடைத்த சங்கதி. தண்ணீரில் இறங்கியது முதலில். இரை மாறியது அதற்குப் பிறகு. பல் எளிய கூம்பானது அதற்கும் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் கழித்து. இடைப்பட்ட காலத்தில் பல் எளிமையாகவே இல்லை. சில இடங்களில் முன்பைவிடச் சிக்கலாகத்தான் ஆனது. பல்லைக் கூம்பாக்கியது மீன் இல்லைம்மா, மெல்லுவதை விட்டதுதான். இனி விரிவாகச் சொல்கிறேன்.

வகுப்பில் இதை நான் ஆட்டிலிருந்துதான் தொடங்குவேன். ஆடு, மாடு, பன்றி, மான், ஒட்டகம் எல்லாம் இரட்டைக் குளம்பு வரிசை. திமிங்கிலமும் அந்தக் குடும்ப மரத்தின் ஒரு கிளைதான். இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. மரபணு ஆய்வுகள் இதை 1990களிலேயே சொல்லிவிட்டன. எலும்புக்காரர்கள்தான் ஒத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு வெளியானது. இரண்டு பக்கமும் உருளை வடிவம் கொண்ட, ஆட்டின் பின்னங்காலில் இருக்கும் அதே வகை எலும்பு. அதோடு பெரும்பாலும் வழக்கு முடிந்தது.

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் கவனித்திருப்பீர்கள். வாங்க வருகிறவர் முதலில் ஆட்டின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்ப்பார். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று வயதைச் சொல்வார். பால் பல் விழுந்து நிலைப்பல் எத்தனை முளைத்திருக்கிறது என்ற கணக்கு அது. மேல் உதட்டை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆட்டுக்கு மேல் முன்பல் கிடையாது, தடித்த ஈறு மட்டும்தான். விஷயம் கடைவாயில் இருக்கிறது. தலைக்கறி வாங்கும்போது தாடையைக் கொத்தாமல் முழுதாகக் கேட்டு வாங்கி, வேகவைத்துச் சதையை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஆறு கடைவாய்ப் பற்கள். பெரிய பல் ஒவ்வொன்றின் மேலும் பிறை பிறையாக வெள்ளை வரிகள் தெரியும். அது எனாமல். நடுவில் பழுப்பாகத் தேய்ந்திருப்பது டென்டின். மெத்தென்றிருக்கும் டென்டின் சீக்கிரம் தேய்வதால் எனாமல் வரிகள் எப்போதும் தூக்கியே நிற்கும். கீழ்த்தாடை பக்கவாட்டில் அசைய அசைய, இலையும் புல்லும் அந்த வரிகளுக்கு நடுவில் அறைபடும்.

ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கு இந்தப் பிறை வரியெல்லாம் இன்னும் வரவில்லை. தாழ்ந்த, மொட்டையான முனைகள்தான். உங்கள் வாயிலும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான் இருக்கிறது. மேல் கடைவாய்ப் பல்லின் உட்பக்க முனை கீழ்ப் பல்லின் நடுக்குழியில் வந்து உட்காருவதை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். முனை உலக்கை, குழி உரல். ஒரே கடியில் இரண்டு வேலை நடக்கிறது. வாய் மூடிவரும்போது முனைகளின் சரிவுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கி இரையை வெட்டுகின்றன. அதன் பிறகு உலக்கை உரலில் இறங்கி, இழுபட்டு, அரைக்கிறது. பல் தேய்மானத்தைப் படிப்பவர்கள் இவற்றை முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்பார்கள். இரண்டும் பல்லில் விடும் தேய்ந்த முகங்கள் வேறு வேறு இடத்தில், வேறு வேறு சாய்வில் இருக்கும். அதனால் செத்து ஐந்து கோடி ஆண்டு ஆன விலங்கு எப்படி மென்றது என்று லென்ஸில் பார்த்துச் சொல்ல முடிகிறது. இந்த இரண்டில் எது முதலில் போனது, எது எவ்வளவு காலம் தங்கியது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

தண்ணீர் முதலில் என்றேனே, அதற்குச் சாட்சி இண்டோஹையஸ். ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் காலாகோட் என்ற இடத்தில் ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்த பாறைகளில் இருந்த விலங்கு இது. 1971இல் அவரே பெயர் வைத்தார். பல்லும் தாடையும் மட்டும் தெரிந்த நிலையில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அவர் சேர்த்துவைத்த பாறைகள் உடைபடாமலே கிடந்தன. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அவற்றை அமெரிக்காவில் வேலை செய்யும் ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். அங்கே சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காதெலும்பு கை தவறி உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால், உட்புறச் சுவர் திமிங்கிலத்துக்கு மட்டுமே உரிய விதத்தில் தடித்திருந்தது. 2007 டிசம்பரில் கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர்களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் சுனில் பாஜ்பாயும் பி. என். திவாரியும் இருந்தார்கள். காப்பாற்றி வைத்ததற்கும் கைதவறி உடைத்ததற்கும் சேர்த்து நாம் நன்றி சொல்ல வேண்டிய கண்டுபிடிப்பு.

இண்டோஹையஸ் ஒரு பூனை அளவுள்ள, மெல்லிய கால்கள் கொண்ட விலங்கு. நம் காடுகளில் இருக்கும் சருகுமானை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் கால் எலும்பின் சுவர்கள் வழக்கத்துக்கு மீறித் தடிப்பாக இருந்தன. நீருக்கடியில் மிதந்து மேலே வராமல் நடக்க உதவும் எடை அது. நீர்யானைக்கும் இந்த உத்தி உண்டு. ஆப்பிரிக்காவில் ஒரு வகைச் சருகுமான் பருந்தைக் கண்டால் ஓடையில் குதித்து மூழ்கிவிடும். இண்டோஹையஸும் அப்படித்தான் வாழ்ந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அடுத்த சாட்சி எனாமலில் இருந்து. பல்லை லேசாகத் துளைத்து எடுத்த தூளில் ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதத்தை அளப்பார்கள். ஆக்சிஜன் அந்த விலங்கு குடித்த, குளித்த தண்ணீரைச் சொல்லும். கடல்நீரில் கனமான ஆக்சிஜன் கூடுதல், ஆற்றுநீரில் குறைவு. கார்பன் சாப்பாட்டைச் சொல்லும். எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமல் அப்படி இல்லை, உருவானபோது பதிந்தது பதிந்ததுதான். இண்டோஹையஸின் ஆக்சிஜன் அது நீரில் நேரம் கழித்ததைக் காட்டியது. அதன் கார்பனோ ஆதித் திமிங்கிலங்களின் கார்பனோடு ஒத்துப்போகவில்லை. ஆக அது நீரில் இருந்தது, ஆனால் திமிங்கிலங்கள் தின்றதைத் தின்னவில்லை. பெரும்பாலும் தாவரம்தான். தண்ணீர் அதற்குப் பதுங்குமிடம், சாப்பாட்டு மேசை இன்னும் கரையில்தான் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. இண்டோஹையஸ் திமிங்கிலங்களின் பாட்டி அல்ல, சித்தி முறை. கிடைத்த மாதிரிகள் சுமார் 4.8 கோடி ஆண்டுப் பழமையானவை. முதல் திமிங்கிலங்கள் அதற்குச் சற்று முன்பே இருந்தன. அந்தப் பொது மூதாதை இப்படி இருந்திருக்கும் என்று காட்டும் உறவினர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாகிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலத்துக்கு வந்தால் இரை மாறிவிட்டது. இன்றைய பாகிஸ்தானில் கிடைத்தது, கிட்டத்தட்ட 5 கோடி ஆண்டு. 1981இல் ஜிஞ்சரிச், ரஸ்ஸல் என்ற ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். ஓநாய் அளவு, நான்கு கால், நீண்ட மூஞ்சி, மண்டையின் உச்சியில் நெருங்கி உட்கார்ந்த கண்கள். எனாமல் சொல்வது ஆற்றுநீரை. கடலை அது பார்த்திருக்கக்கூட மாட்டாது. இதன் வாயைத்தான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் முன்பற்கள். நமக்கும் நாய்க்கும் வெட்டும் பற்கள் வாய்க்கு முன்னால் வளைவாக, குறுக்கே நிற்கின்றன. பாகிசீட்டஸில் அந்த வளைவு நீண்டு, வெட்டும் பல்லும் கோரைப் பல்லும் கடைவாய்ப் பற்களோடு ஒரே நேர்க்கோட்டில், இடைவெளி விட்டு நிற்கின்றன. நழுவி ஓடும் ஒன்றைக் கொத்திப் பிடிக்கும் வாய் அது. பின்னால் போனால் கீழ்க் கடைவாய்ப் பல்லில் முன்பக்கம் ஒரு உயர்ந்த முனை, பின்பக்கம் ஒரு தாழ்ந்த முனை, அவ்வளவுதான். உரல் காணாமல் போய்விட்டது. மேல் பல்லில் உலக்கை முனை இன்னும் இருக்கிறது, ஆனால் அது குத்துவதற்குக் குழி இல்லை. தேய்மானமும் அதையே சொல்கிறது. செங்குத்தான முதல் கட்ட முகங்கள் பெரிதாக இருக்கின்றன. அரைத்த தடயம் கிட்டத்தட்ட இல்லை. மாரீன் ஓலியரியும் மார்க் யூஹனும் 1999இல் ஆதித் திமிங்கிலங்களின் இந்தத் தேய்மானத்தைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 2011இல் தெவிசன் குழு மூதாதை உறவினர்களிலிருந்து பாசிலோசாரஸ் குடும்பம் வரை வரிசையாகப் பார்த்தது.

அதாவது திமிங்கிலம் முதலில் இழந்தது அரைப்பதை. வெட்டுவதை அல்ல. இதுதான் பாடப்புத்தகம் விட்டுவிடும் இடம்.

வெட்டும் பல் என்றதும் நாயை நினைப்பீர்கள். தெருநாய் ஒரு சவ்வுத் துண்டைத் தலையைச் சாய்த்துக் கடைவாய்க்குக் கொண்டுபோய்க் கடிப்பது அங்கே கத்திபோல ஒரே ஒரு ஜோடிப் பல் இருப்பதால். ஆதித் திமிங்கிலம் அந்த வழியில் போகவில்லை. தனியாக ஒரு பல்லைக் கத்தியாக்காமல் கடைவாய் வரிசை முழுவதையும் வெட்டும் வரிசையாக மாற்றியது. கீழ்ப்பல்லின் முன்முகத்தில் செங்குத்தாக ஒரு பள்ளம் ஓடுகிறது. முந்தைய பல்லின் பின்விளிம்பு அதில் பொருந்திக்கொள்ளும். மேல்தாடை எலும்பில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சிறு குழிகள் உண்டு. கீழ்ப்பல்லின் முனை அங்கே போய் நிற்கும். மேலும் கீழும் இவ்வளவு நெருக்கமாகக் கடந்துபோகும் பற்கள் இரையை விழுங்குவதற்கு முன் துண்டு போடுவதற்குத்தான். மீனை முழுசாக விழுங்குகிற விலங்குக்கு இந்த ஏற்பாடு தேவையே இல்லை.

ஆம்புலோசீட்டஸ் என்ற இன்னொரு ஆதித் திமிங்கிலத்தைப் பற்றி நிறைய எழுதுவார்கள். 1994இல் வெளியானது, பாகிஸ்தானின் காலா சிட்டா மலையில் கிடைத்தது, கடற்சிங்கம் அளவு, முதலைபோல் கரையோரம் பதுங்கிப் பிடித்திருக்கும். பல்லைப் பொறுத்தவரை பாகிசீட்டஸின் முரட்டுப் பதிப்பு என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஒரு விநோதம் மட்டும் உண்டு. எலும்புகள் கிடைத்தது ஆழமற்ற கடல் படிவில், எனாமல் சொல்வதோ ஆற்றுநீரை. எனாமல் சிறு வயதில் உருவாகிவிடுவதால் குட்டிக் காலத்தை ஆற்றில் கழித்திருக்கலாம், அல்லது குடிக்க ஆற்றுக்கு வந்துபோயிருக்கலாம்.

அதற்கடுத்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள். குஜராத்தின் கச்சில், ஹரூடி பகுதியில் கிடைத்த ரெமிங்டனோசீட்டஸ் குடும்பம். அசோக் சாஹ்னியும் வி. பி. மிஸ்ராவும் 1975இல் விவரித்தார்கள். குடும்பத்தில் சிறியதான கட்ச்சிசீட்டஸை 2000இல் பாஜ்பாயும் தெவிசனும் அறிவித்தார்கள். மூஞ்சி குறுகி மிக நீண்டுவிட்டது, கண் சிறுத்துவிட்டது. கலங்கிய கரையோரக் கடலில் காதையும் மூஞ்சியையும் நம்பி வேட்டையாடியவை.

இங்கே ஒரு பல் மருத்துவ மாணவிக்கு மட்டுமே ரசிக்கக்கூடிய விஷயம் இருக்கிறது. கீழ்த்தாடையின் உட்புறம் நரம்பு நுழையும் துளை தெரியுமல்லவா, கீழ்ப்பல் பிடுங்கும் முன் மரத்துப்போக ஊசி போடத் தேடும் இடம்? பாகிசீட்டஸில் அது நமக்கு இருப்பதுபோலச் சின்னத் துளை. ஆம்புலோசீட்டஸில் பெருத்துவிட்டது. கச்சுத் திமிங்கிலங்களில் தாடையின் உயரத்தில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டது. நரம்பு பெருத்துவிடவில்லை. அந்த இடத்தை ஒரு கொழுப்புத் திண்டு நிரப்பி, தண்ணீரில் வரும் ஒலியைத் தாடை வழியாகக் காதுக்குக் கடத்தியது. இன்றைய டால்பினும் கீழ்த்தாடை வழியாகத்தான் கேட்கிறது. காதுக்காகத் தாடை உள்ளே காலியாகி மெலிந்ததால்தான் மெல்லுவது நின்றது என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் பாசிலோசாரஸ் அதை ஒப்புக்கொள்ள விடாது.

1834இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹார்லன் ஒரு பெரிய முதுகெலும்பைப் பார்த்துவிட்டு, கடல் பல்லி என்று நினைத்துப் பாசிலோசாரஸ், அதாவது பல்லிகளின் அரசன், என்று பெயர் வைத்தார். 1839இல் எலும்புகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே ரிச்சர்ட் ஓவன் பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர். பல்லிக்கு ஏது இரட்டை வேர்? பாலூட்டிதான், திமிங்கில வகைதான் என்று சொல்லிவிட்டார். வைத்த பெயரை மாற்றுவது விதிப்படி முடியாது என்பதால் பல்லி என்ற பெயரோடே அது இன்றும் இருக்கிறது.

இந்தக் குடும்பம் சுமார் 4.1 கோடியிலிருந்து 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்தது. முழுக்க முழுக்கக் கடல் விலங்குகள். பின்னங்கால் ஒரு குச்சியளவு சுருங்கிவிட்டது, கரைக்கு வரவே முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் வெட்டும் பல், கோரை, முன்கடைவாய், கடைவாய் என நான்கு வகையும் தனித்தனியாக இருக்கின்றன. எண்ணிக்கையில் போனது மேல்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும். உலக்கை முனையும் இப்போது மறைந்துவிட்டது. அதற்குப் பதில் கடைவாய், முன்கடைவாய்ப் பற்கள் பக்கவாட்டில் தட்டையாகி, நடு முனைக்கு முன்னும் பின்னும் வரிசையாகச் சிறு முனைகள் முளைத்திருக்கின்றன. நீங்கள் படத்தில் பார்த்த ரம்பம் அதுதான். பாகிசீட்டஸில் தொடங்கிய வெட்டும் வரிசை அதன் உச்சத்துக்குப் போன நிலை.

என்ன வெட்டினார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி உண்டு, இந்தத் துறையில் அது அபூர்வம். எகிப்தின் பாலைவனத்தில் வாடி அல் ஹிதான், திமிங்கிலப் பள்ளத்தாக்கு, 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய இடம். அங்கே வளர்ந்தால் ஐந்து மீட்டர் நீளம் வரும் டோருடான் என்ற உறவினத்தின் குட்டிகள் நிறையக் கிடைத்தன. வாயில் இன்னும் பால் பல்லோடு இருந்த குட்டிகள். சிலவற்றின் மண்டையோட்டில் கடித்த துளைகள் இருந்தன. அந்தத் துளைகளை 2012இல் ஜூலியா ஃபால்கே பாசிலோசாரஸின் பல்லோடு பொருத்திக் காட்டினார். 2019இல் வெளியான ஆய்வு அதை முடித்துவைத்தது. பாசிலோசாரஸ் ஐசிஸ் என்ற இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் வயிறு இருந்த இடத்தில் கடிபட்ட டோருடான் குட்டிகளின் எலும்புகளும் பெரிய மீன்களின் மிச்சங்களும் கிடந்தன. அதன் கடியின் விசை 16,000 நியூட்டனுக்கு மேல் என்று 2015இல் கணக்கிட்டார்கள். அதாவது பல்லின் மேல் 1,600 கிலோவுக்கும் அதிகமான பாரம். தாடை மெலிந்ததால் மெல்லவில்லை என்ற விளக்கம் இங்கே தோற்றுப்போகிறது. அமெரிக்காவில் கிடைத்த இன்னொரு பாசிலோசாரஸின் வயிற்றில் சுறா உட்பட மீன்கள் மட்டுமே இருந்தன. ஒரே குடும்பத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே சாப்பாடு என்று நினைத்துவிடக் கூடாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: பாசிலோசாரஸ் இரையைத் துண்டு போட்டுத் தின்றது, அதனால் ரம்பப் பல் வைத்திருந்தது. கடலில் இருப்பதாலேயே பல் எளிமையாகிவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஏன் பிறகு விட்டார்கள்? காவேரிப்பாக்கம் ஏரியில் நீர்க்காகம் மீன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடித்த மீனை மேலே தட்டித் திருப்பித் தலை முதலாக விழுங்கும், வெட்டுவது கிடையாது. நீரில் வேட்டையாடும் பெரும்பாலான விலங்குகளின் வழி அதுதான். காரணங்களை யோசித்துப் பாருங்கள். கரையில் மெல்லும்போது சிதறும் துண்டு நாக்கின் மேல் விழும், அல்லது தரையில் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் அது மிதந்து போய்விடும். ஒவ்வொரு மெல்லலுக்கும் வாய்க்குள் உப்புநீர் ஏறும், எச்சில் கரைந்து போகும். இரையைப் பிடித்து நிறுத்த முன்கால் இல்லை, அது துடுப்பாகிவிட்டது. மூச்சுக்கு வேறு மேலே வர வேண்டும்.

இந்தத் தொல்லைகள் பாசிலோசாரஸுக்கும் இருந்தன என்று நீங்கள் மடக்கலாம். நியாயம். அதனால்தான் தொல்லை மட்டும் காரணம் ஆகாது என்கிறேன், மாற்று வழியும் கையில் இருந்திருக்க வேண்டும். இரண்டு மாற்று வழிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று வயிறு. திமிங்கிலங்களுக்கு ஆட்டைப்போலவே பல அறை வயிறு. பெரும்பாலானவற்றில் முதல் அறை சுரப்பி இல்லாத, தடித்த தசை கொண்ட பை. இரை அங்கே பிசையப்படுகிறது. பல்லின் வேலையை வயிறு எடுத்துக்கொண்டது. இரண்டாவது, ஒலியெழுப்பி எதிரொலியால் இரையைக் கண்டுபிடிக்கும் திறன். பல் திமிங்கிலங்களின் கிளை சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பெற்றுவிட்டது. இருட்டிலும் ஆழத்திலும் சிறு இரையை ஒன்றன் பின் ஒன்றாகத் தேடிப் பிடிக்க முடிந்தால், விழுங்கும் அளவுள்ளதையே தேர்ந்தெடுக்கலாம். துண்டு போட வேண்டிய பெரிய இரையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. இதை நான் உறுதியான தீர்ப்பாகச் சொல்லவில்லை, சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

அப்போதும் மாற்றம் ஒரேயடியாக நடக்கவில்லை. ஆரம்பகாலப் பல் திமிங்கிலங்களுக்கும் பின்வரிசையில் முனை முனையான பற்கள் இருந்தன. ஸ்குவாலோடான் என்ற சுறாப்பல் டால்பின், சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மயோசீன் காலத்திலும் முக்கோண ரம்பப் பல்லோடு நீந்திக்கொண்டிருந்தது. பிறகுதான் எல்லாப் பல்லும் ஒரே மாதிரியாகி, எண்ணிக்கையும் ஏறியது. பாலூட்டிக்கு வழக்கமான உச்சம் 44 பல். இன்றைய சில டால்பின்களுக்கு 200க்கு மேல். எல்லாம் ஒற்றை வேர்க் கூம்பு. பால் பல்லும் கிடையாது, முளைப்பது ஒரே முறை. ஒடுகத்தூர்க் கணக்கு டால்பினிடம் செல்லாது.

பல் எப்படி ஒரே மாதிரி ஆனது என்பதற்குக் கருவிலேயே துப்பு இருக்கிறது. பன்றிக் கருவின் தாடையில் முன்பகுதியில் ஒரு மரபணு, பி.எம்.பி.4, வேலை செய்கிறது. பின்பகுதியில் இன்னொன்று, எஃப்.ஜி.எஃப்.8. முன்னது இருக்கும் இடத்தில் எளிய பல், பின்னது இருக்கும் இடத்தில் கடைவாய்ப் பல். டால்பின் கருவில் முன்பகுதி மரபணு தாடையின் பின்பக்கம் வரை நீண்டு வேலை செய்வதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் வரிசை முழுக்க முன்பல் மாதிரியே முளைக்கிறது என்பது அவர்களுடைய கணிப்பு.

பல் இருந்தும் அதிகம் தேவைப்படாத நிலைக்கு எண்ணெய்த் திமிங்கிலம் போய்விட்டது. நம் நாளிதழ்களில் அவ்வப்போது அம்பர்கிரிஸ் கடத்தல் செய்தி வருமே, அதைக் குடலில் உண்டாக்கும் திமிங்கிலம். அம்பர்கிரிஸ் கட்டியை உடைத்தால் உள்ளே கணவாயின் அலகுகள் கிடைக்கும். முழுசாக விழுங்கியதில் செரிக்காமல் போன மிச்சம். அதற்குக் கீழ்த்தாடையில் மட்டும் பெரிய கூம்புப் பற்கள். அவையும் பருவத்துக்கு வரும் சமயத்தில்தான் வெளியே முளைக்கின்றன. அதுவரை பல் இல்லாமலே வேட்டை நடக்கிறது. தாடை உடைந்து கோணலாக ஒட்டிய எண்ணெய்த் திமிங்கிலங்கள் நல்ல கொழுப்போடு பிடிபட்டிருக்கின்றன.

இன்னொரு கிளை பல்லையே விட்டுவிட்டது, நீலத் திமிங்கிலத்தின் கிளை. வாயில் தொங்கி இரையை வடிகட்டும் பலீன் தகடுகள் நகத்தைப்போன்ற கெரட்டினால் ஆனவை, பல்லோடு சம்பந்தமில்லாதவை. இந்தக் கிளையின் ஆதி விலங்குகளுக்கும் பல் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஜான்ஜுசீட்டஸ் பெரிய கண்ணும் கூரிய பல்லும் கொண்ட வேட்டை விலங்கு. அன்டார்க்டிகாவில் கிடைத்த லானோசீட்டஸ் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, எட்டு மீட்டர், அதற்கும் பல். பலீன் வருவதற்கு முன் இடைவெளி விட்ட ரம்பப் பற்களாலேயே நீரை வடிகட்டினார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்து 2017இல் விவரிக்கப்பட்ட கொரோனோடான் அவர்களுடைய சாட்சி. அதே ஆண்டு ஆஸ்திரேலியக் குழு ஒன்று ஆதித் திமிங்கிலங்களின் பற்களின் கூர்மையை அளந்து பார்த்தது. சிங்கம் மாதிரி இரையை வெட்டும் விலங்குகளின் பல் அளவுக்குக் கூராக இருந்தது, வடிகட்டும் சீல்களின் பல்போல மழுங்கியிருக்கவில்லை. எனக்கு இரண்டாம் தரப்பே பொருத்தமாகப் படுகிறது. வடிகட்டும் பல்லுக்குக் கூர்மை எதற்கு?

2018இல் வந்த மையாபலீனா இதற்கு இன்னொரு முடிச்சு போட்டது. அமெரிக்காவின் ஓரிகனில் கிடைத்த, 3.3 கோடி ஆண்டுப் பழமையான திமிங்கிலம். பல்லும் இல்லை, பலீன் இருந்த அடையாளமும் இல்லை. வாயால் உறிஞ்சித்தான் தின்றிருக்க வேண்டும். பல் போன இடத்தில் உடனே பலீன் வந்துவிடவில்லை என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். மாறாக ஏட்டியோசீட்டஸ் என்ற விலங்கின் அண்ணத்தில், பல்லுக்குப் பக்கத்திலேயே, பலீனுக்கு இரத்தம் கொண்டுபோகும் துளைகள்போலச் சில இருப்பதை 2008இல் காட்டியவர்கள், இரண்டும் ஒரே வாயில் சேர்ந்து இருந்தன என்கிறார்கள். சண்டை முடியவில்லை.

முடிந்த விஷயம் ஒன்று உண்டு. பலீன் திமிங்கிலத்தின் கருவில் பல் மொட்டுகள் தோன்றி, பிறப்பதற்குள் கரைந்துவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் இதைக் கண்டார். மரபணுவிலும் தடயம் இருக்கிறது. எனாமல் உருவாகத் தேவையான எம்.எம்.பி.20 என்ற மரபணு இன்றைய எல்லாப் பலீன் திமிங்கிலங்களிலும் ஒரே இடத்தில், ஒரே செருகலால் உடைந்து கிடக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு மூதாதையில் ஒரே ஒரு முறை உடைந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது.

கடைசியாக, இந்தப் புதைபடிவங்களை நம் பக்கம் எங்காவது தேடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேலூர், ராணிப்பேட்டைச் சுற்றுவட்டாரப் பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், சார்னோக்கைட் வகைகள். பல் முளைத்த விலங்கே உலகில் இல்லாத காலம். பாலாற்று மணல் அதற்கு நேர்மாறு, மிகப் புதியது. அரியலூரில் கடல் உயிரிகளின் படிவங்கள் ஏராளம். ஆனால் அவை பெரும்பாலும் டைனோசர்கள் இருந்த காலத்தவை, திமிங்கிலத்துக்கு முந்தையவை. ஆதித் திமிங்கிலத்தின் பல் பாறையில் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கச்சுக்குத்தான் போக வேண்டும். போனால் மழைக்காலம் முடிந்து குளிரில் போங்கள், வெயில் தாங்காது.